என்னய வெளிய உக்கார வச்ச சிஸ்டர் – எங்க பக்கத்து பிஎச்சிக்கு பிள்ளய கூட்டிட்டு போன கதை

பேரு சொல்லமாட்டேன், அத மொதல்லயே சொல்லிடுறேன். தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் எடையில உள்ள ஒரு பிஎச்சி, அதாவது அரசு ஆரம்ப சுகாதார நிலையம், அவ்வளவு தான். எங்க பக்கம் ஆஸ்பத்திரி பேர சொன்னா போதும், எந்த பிள்ள, யாருக்க மக, எந்த வீடுன்னு சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சிருவாங்க, ரேஷன் கடை லைன்ல நின்னு அம்மாகிட்டயே வந்து கேப்பாங்க. இதுவரைக்கும் நான் எழுதுன ரிவ்யூ எல்லாம் மிக்ஸி, சேலைக்கடை, மார்த்தாண்டம் பிரியாணி இப்படித்தான். இது கொஞ்சம் வேற, நீளமா வேற போவும், பொறுமை இருந்தா வாசிங்க.

என் அக்கா மக பிளஸ் ஒன் படிக்கா. அக்கா குவைத்ல நர்ஸ், அத்தானும் அங்க தான். பிள்ள எங்க அம்மா கூட இருக்கா, நான் ரெண்டு வீடு தள்ளி. அதனால ஸ்கூல் மீட்டிங்ல இருந்து பல்வலி வரைக்கும் சித்தி தான், அதாவது நான் தான். குமரி மாவட்டத்துக்காரங்களுக்கு இத வெளக்கி சொல்ல வேண்டாம், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி 1838ல தொடங்குன ஊரு இது, வடசேரி பக்கம் கேத்தரின் பூத் இருக்கு, நாலு வீட்டுக்கு ஒரு நர்ஸ் எங்க பக்கம், அந்த நாலுல ரெண்டு பேரு கல்ஃப்ல இருப்பாங்க. ஊருக்கெல்லாம் ஊசி போட ஆள் அனுப்புன ஊர்ல, சொந்த வீட்டு பிள்ளக்க மாசவிலக்கு பத்தி பேச ஒரு ஆளு இல்ல, அது தான் நெலம.

பிள்ளக்கு என்னன்னா, நாப்பது நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒருக்கா வரும், வந்தா பத்து நாளு நிக்காது. அவ எங்ககிட்ட சொல்லவே இல்ல. ஜூலையில ஸ்கூல் பிரேயர்ல நின்னுட்டு இருக்கும்போ தலசுத்தி விழுந்துட்டான்னு டீச்சர் போன் பண்ணின பொறவு தான் தெரியும். அம்மா ஒடனே உளுந்தங்களி கிண்ட ஆரம்பிச்சாச்சு, கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் போட்டு. களிய கொற சொல்லமாட்டேன், நானும் ரெண்டு உருண்ட தின்னேன், ஆனா ரத்தம் நிக்கல.

அடுத்து நாங்க போனது பெரிய பிரைவேட் ஆஸ்பத்திரி ஒண்ணு. ஏசி உண்டு, மீன் தொட்டி உண்டு, ஓபி சீட்டே பளபளன்னு இருக்கும். வெயிட்டிங் ஹால்ல ஒரு இருவது பேரு இருக்காங்க, ஆம்பளைங்க உட்பட, அங்க நின்னுட்டு ஒரு சிஸ்டர் கிளிப்போர்டோட சத்தமா கேக்குது, "கடைசியா எப்ப வந்தது? தள்ளிப் போயிருக்கா? கல்யாணம் ஆவலல்லா?" அந்த கடைசி கேள்விய கேட்டுட்டு பிள்ளய மேலயும் கீழயும் ஒரு பார்வ பாத்துது பாருங்க, எனக்கே ஒடம்பு கூசிச்சு, பிள்ள அப்ப தல குனிஞ்சவ ஆட்டோவுல ஏறுற வரைக்கும் நிமிரல. ஸ்கேன் எடுத்தாங்க, சினைப்பையில குமிழ் குமிழா இருக்கு, பிசிஓடி, அதான் சினைப்பை நீர்க்கட்டின்னு சொன்னாங்க, மூணு மாசத்துக்கு ஹார்மோன் மாத்திரை, எதுக்குன்னு கேட்டா "போடுங்க, கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்". பதினாறு வயசு பிள்ளகிட்ட! பில்லு 4,600 ரூபா. ரத்தத்துல எச்பி, அதாவது ஹீமோகுளோபின், எவ்வளவுன்னு பாக்கவே இல்லங்கிறது எனக்கு பொறவு தான் உறைச்சுது.

இனி பிஎச்சி கதைக்கு வாறேன். எங்க ஏரியா விஎச்என், அதாவது கிராம சுகாதார செவிலியர், ஸ்கூட்டியில வரும், நாப்பது வயசு இருக்கும், தடுப்பூசி நோட்டும் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்சும் எப்பவும் கையில. அரசாங்கம் சும்மா குடுக்குற புதுயுகம் நாப்கின குடுக்கதுக்கு 10ல இருந்து 19 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க லிஸ்ட் அவங்ககிட்ட இருக்கும். அன்னைக்கு நாப்கின் குடுக்க வந்தவங்க அம்மாகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, ரெண்டு மாசத்துக்கு மூணு பாக்கெட் குடுக்கேன், பிள்ளக்கு அது தெகயுதா? அம்மா வெகுளி, "எங்க தெகயுது, ஒரு மாசத்துக்கே கடையில வேற வாங்குதோம்"னுட்டாங்க. அந்தம்மா டக்குன்னு நிமிந்து பாத்து, "பாக்கெட்ல ஆறு தான், அப்ப பதினெட்டும் போச்சு, அதுக்கு மேலயும்னா நாளைக்கே பிள்ளய கூட்டிட்டு வாங்க, செவ்வாக்கிழமை வேண்டாம், அன்னைக்கு மாசமா இருக்கவங்க கூட்டம்"னு சொல்லிட்டு போனாங்க. மீன் தொட்டி வச்ச எடத்துல ஒருத்தரும் கேக்காத கணக்கு இது, எத்தன பேட் ஆவுதுன்னு.

அக்காவுக்கு போன்ல சொன்னா அவளுக்கு ஏறிருச்சு. "ஏஎன்எம் தானட்டி அது, ரெண்டு வருசம் படிச்சது, நான் நாலு வருசம் பிஎஸ்சி படிச்சவ, அங்க என்ன தெரியும்"னு ஒரு பாட்டு. நர்சுகளுக்குள்ள இந்த ஜாதி இருக்கு பாத்துக்கிடுங்க, பிஎஸ்சிக்கு ஜிஎன்எம்ங்கிற நர்சிங் டிப்ளமோ கீழ, ஜிஎன்எம்முக்கு விஎச்என் படிக்கிற ஏஎன்எம் கீழ. நான் ஒண்ணும் பேசல, வியாழக்கிழமை கடைக்கு லீவு சொல்லிட்டு பிள்ளய கூட்டிட்டு போயிட்டேன்.

கட்டிடம் பழசு. முன்னாடி ஒரு பலாமரம், அதுக்கு கீழ சிமெண்டு பெஞ்சு. ஓபி சீட்டு எழுதுற எடத்துல நல்ல கூட்டம், ஒம்பது மணிக்கு போனோம், பத்தே முக்காலுக்கு தான் கூப்ட்டாங்க. வளரிளம் பருவத்தினருக்குன்னு ஒரு ரூம் உண்டு, ரூம்னா பாதி ஸ்டோர் ரூம், ஒரு பக்கம் அட்டப்பெட்டி அடுக்கி வச்சிருக்கு, இன்னொரு பக்கம் மேசை, ரெண்டு நாற்காலி, ஒரு பச்ச கர்ட்டன். அங்க இருந்த ஸ்டாஃப் நர்ஸ் ராத்திரி ஒரு பிரசவம் பாத்துட்டு தூங்காம இருந்தவங்கன்னு பொறவு தெரிஞ்சுது, ஆனா முகத்துல காட்டல.

நான் பிள்ளக்க முன்னாடி நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, எல்லாத்தையும் நானே சொல்ல ஆரம்பிச்சேன். ஒரு நிமிசம் கேட்டாங்க. அப்பறம், "நீங்க சொன்னது நல்லது சித்தி, இனி செத்த நேரம் வெளிய உக்காருங்க, பிள்ளகிட்ட நான் பேசிக்கிடுதேன்". எனக்கு சுருக்குன்னு வந்துது. நான் யாரோவா? "அவ வாயே தொறக்கமாட்டா சிஸ்டர்"னேன். "தொறக்கலன்னா உங்கள கூப்பிடுதேன்"னு சிரிச்சுட்டே கதவ சாத்திட்டாங்க. கர்ட்டன் மட்டும் இல்ல, கதவயே. நாப்பது நிமிசம் நான் அந்த பெஞ்சுல உக்காந்து கதவ மொறச்சுட்டு இருந்தேன். ரிவ்யூன்னா உள்ளத சொல்லணும்லா, அந்த நாப்பது நிமிசம் எனக்கு நல்ல கோவம்.

உள்ள நடந்தது பிள்ள சொல்லித்தான் எனக்கு தெரியும், அதும் பஸ்ல வரும்போ கொஞ்சம், ராத்திரி கொஞ்சம். மொத காரியம் சிஸ்டர் சொன்னதாம், "நீ சொல்றது இந்த ரூமுக்குள்ள இருக்கும் மக்களே, சித்திகிட்ட போவாது. ஆனா ஒண்ணு, யாராவது உன்ன ஏதும் பண்ணியிருந்தா, இல்ல உன் உயிருக்கு ஆபத்துன்னா, அத மட்டும் நான் மறைக்க முடியாது, சட்டம் அப்படி, அத இப்பவே சொல்லிடுதேன்." சொன்ன பொறவு தான் கேள்வியே கேட்டுருக்காங்க.

அப்பறம் ஓபி சீட்டுக்க பின்பக்கத்துல பால்பாயிண்ட் பேனாவால மூணு பேடு வரஞ்சிருக்காங்க. அந்த சீட்டு இப்பவும் எங்ககிட்ட இருக்கு. ஒண்ணுல நடுவுல சின்னதா ஒரு கோடு, இன்னொண்ணு பாதி வரைக்கும் கிறுக்குனது, மூணாவது முழுக்க கறுப்பா நெறச்சது, பேனா அழுத்துனதுல பேப்பர் லேசா கிழிஞ்சு கூட இருக்கு. ஒரு நாளைக்கு இதுல எது எத்தன, கட்டி கட்டியா போவுதா, ராத்திரி எந்திரிச்சு மாத்தணுமா. பிள்ள வாயால சொல்ல வெக்கப்பட்டா, அதனால வெரல வச்சு காட்டுனா போதும்னு சொல்லியிருக்காங்க. அவ மூணாவதுல வெரல வச்சிருக்கா. ஒரு மணிக்கூர் ரெண்டு மணிக்கூருக்கு ஒரு பேடு முழுசா நனஞ்சாலோ, ஏழு நாளைக்கு மேல போனாலோ அது "எல்லாருக்கும் வர்றது தானே" கணக்குல சேராது, ஆஸ்பத்திரிக்கு வரணும்னு அப்ப தான் அவளுக்கு தெரிஞ்சிருக்கு. இவ இத்தன நாளும் எல்லா பிள்ளைங்களுக்கும் இப்படித்தான்னு நெனச்சுட்டு இருந்திருக்கா. எங்க கொற தான், ஒருத்தரும் சொல்லிக் குடுக்கல.

அடுத்து வெரல்ல குத்தி எச்பி பாத்தா 8.6. அந்த வயசு பிள்ளைக்கு 12 வேணும், 8க்கு கீழ போனா ரொம்ப மோசம், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். பிரேயர்ல விழாம பொறவு என்ன செய்யும்?

இங்க தான் எனக்கு அந்த சிஸ்டர ரொம்ப புடிச்சுப் போச்சு. ஸ்கூல்ல வாரத்துக்கு ஒரு நீலக்கலர் மாத்திரை குடுப்பாங்கல்லா, இரும்புச்சத்து மாத்திரை, அத போடுதியான்னு கேக்காம, "எத்தனய தின்ன, எத்தனய எறிஞ்ச?"ன்னு கேட்டுருக்காங்க. எறிஞ்சியான்னு இல்ல, எத்தனன்னு. பிள்ள சிரிச்சுட்டா. உள்ளத சொல்லிட்டா, எட்டாம் கிளாசுல இருந்தே ஜன்னல் வழியா ரப்பர் தோட்டத்துக்குள்ள தான் போவுதாம், அவ மட்டும் இல்ல, பெஞ்சே அப்படித்தானாம். ஏன்னா மொத தடவ வெறும் வயித்துல போட்டு கொமட்டிக்கிட்டு வந்திருக்கு, ரெண்டாம் நாளு கறுப்பா வெளிய போனதும் குடல் அழுவிப் போச்சுன்னு பயந்துட்டாளாம். அந்த கறுப்பு இரும்புச்சத்துனால தான், அது ஒண்ணும் செய்யாதுன்னு ஸ்கூல்ல ஒருத்தர் ஒரு வரி சொல்லியிருந்தா முடிஞ்சுது கத. மாத்திரைய மட்டும் நீட்டுனா ஜன்னலுக்கு தான் போவும்.

இப்ப ரத்தம் கொறஞ்சு போனதால வாரத்துக்கு ஒண்ணு போறாது, தெனமும் ரெண்டு, மூணு மாசத்துக்கு. சோறு தின்ன பொறவு போடணும், கூட எலுமிச்ச சாறோ நெல்லிக்காயோ எடுத்தா நல்லது. சாயா கூடாது. இது தான் எங்க வீட்டுல பெரிய கலவரம், ஏன்னா எங்க அம்மா சோத்துக்கு மேல கட்டன்சாயா குடிக்கிற ஆளு, பிள்ளக்கும் அதே பழக்கம். மாத்திரைக்கு முன்னயும் பின்னயும் ஒரு மணிக்கூர் சாயா தொடாண்டாம், சாயாவுல உள்ள கறை இரும்புச்சத்த ஒடம்புல சேர விடாதுன்னு சிஸ்டர் என்னய உள்ள கூப்ட்டு தனியா சொன்னாங்க. முருங்கக்கீரை, சாளை எல்லாம் சொன்னாங்க, அது நமக்கு கைவசம் உள்ளது தானே.

டாக்டர் மேடமும் பாத்தாங்க. பிரைவேட்ல எடுத்த ஸ்கேன நான் நீட்டுனதும் ஒருக்கா பாத்துட்டு, பெரியவளாகி எட்டு வருசம் ஆவாத பிள்ளைக்கு ஸ்கேன்ல குமிழு தெரியுதுன்னு மட்டும் வச்சு பிசிஓடி சொல்லக்கூடாது, இந்த வயசுல அது சாதாரணம், மொத ரெண்டு மூணு வருசம் மாசவிலக்கு முன்ன பின்ன தான் வரும்னாங்க. ஆனா இவ்வளவு ரத்தம் போறது சாதாரணம் இல்ல, அதனால தைராய்டு பாக்கணும், ரத்தம் ஒறையறதுல எதும் கொற உண்டான்னும் பாக்கணும்னு ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு எழுதிக் குடுத்தாங்க. பாத்தாச்சு, ரெண்டும் நார்மல். ரத்தம் கூடுதலா போற நாளுக்கு மட்டும் ஒரு மாத்திரை குடுத்துருக்காங்க. இதுக்கெல்லாம் எங்க செலவு பஸ்சுக்கும் ரசவடைக்கும் ஆனது தான்.

வெளிய பெஞ்சுல உக்காந்துட்டு இருந்தப்ப பாத்தது ஒண்ணு. எனக்கு பக்கத்துல ஒரு பிள்ள, பதினெட்டு வயசு முடிஞ்சிருக்கு, கல்யாணம் ஆகி ஏழு மாசம் கர்ப்பம், கூட மாமியார். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி ஸ்கீம்ல 18,000 ரூபா கெடைக்கணும்னா தாய்க்கு 19 வயசு முடிஞ்சிருக்கணும்னு அந்த மாமியாருக்கு அன்னைக்கு தான் தெரிஞ்சிருக்கு, ஒரே பொலம்பல், ரூபா இல்லன்னா எதுக்கு மாசா மாசம் இங்க வரணும்னு. நம்ம விஎச்என் தான் அங்க நின்னுட்டு இருந்தாங்க, கோவப்படல, பிள்ளக்க கால்ல வெரல வச்சு அமுக்கி காட்டுனாங்க, குழி விழுந்து அப்படியே நின்னுது. "ரூபா போட்டும் அம்மா, இத பாத்தியளா? சின்ன வயசுல உண்டானவங்களுக்கு பிரஷர் ஏறி ஜன்னி வர வாய்ப்பு கூடுதல். தலவலி, கண்ணு மங்கல், முகம் வீக்கம் எது வந்தாலும் ராத்திரின்னு பாக்காம 108க்கு அடிக்கணும்". அந்த பிள்ளகிட்ட ஒரு திட்டு இல்ல, "இந்த வயசுல என்ன அவசரம்"ங்கிற டயலாக் இல்ல. பிரஷர் பாத்தாங்க, ஒண்ணுக்கு டெஸ்ட் பண்ண அனுப்புனாங்க.

பிரசவத்துக்கு பொறவு அடுத்தது ஒடனே வேண்டாம்னு சொல்லும்போ தான் காமெடி. அந்தரா ஊசி மூணு மாசத்துக்கு ஒண்ணு, இல்லன்னா சாயா மாத்திரை, மொத மூணு மாசம் வாரத்துக்கு ரெண்டு, பொறவு வாரத்துக்கு ஒண்ணு, பால் குடுக்கவங்களும் போடலாம்னு சொன்னாங்க. மாமியாரு வாய பொளந்துட்டு, "சாயா குடிச்சா பிள்ள நிக்காதா? நான் தெனம் அஞ்சு நேரம் குடிச்சு நாலு பெத்தேனே!" பெஞ்சே குலுங்கிச்சு. அந்த மாத்திரைக்கு பேரு வச்சவங்க குமரி மாவட்டத்த யோசிக்கல.

கூட்டம் கொறஞ்ச பொறவு விஎச்என்கிட்ட நான் ஒரு காரியம் கேட்டேன், மனசுல கெடந்தது. கல்யாணம் ஆவாத சின்ன பிள்ளைங்க உண்டாகி வந்தா என்ன செய்வீங்கன்னு. கொஞ்சம் யோசிச்சு தான் பேசுனாங்க. பிள்ளைங்கள பாலியல் கொடுமையில இருந்து காப்பாத்துற 2012 போக்சோ சட்டப்படி 18க்கு கீழ உள்ள பிள்ள விஷயம்னா தெரிஞ்சவங்க போலீசுக்கு சொல்லியே ஆவணும், மறைச்சா அவங்க மேலயே கேசு. அத பயந்து பிள்ளைங்க வராம, மெடிக்கல் ஷாப்புல எதையாவது வாங்கி தின்னுட்டு ரத்தம் நிக்காம பாதி உயிரா வர்றது தான் அவங்களுக்கு பெரிய பயம். 2022 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கு, கருவ கலைக்க வர்ற 18க்கு கீழ உள்ள பிள்ளையும் வீட்டு ஆளும் கேட்டுக்கிட்டா, ரிப்போர்ட்ல பேரு அடையாளம் டாக்டர் சொல்ல வேண்டாம்னு. "அது எத்தன பேருக்கு தெரியும்? திட்டுவோம்னு பயந்து தான் வாறதில்ல. திட்டாம இருந்தாலே பாதி பிள்ளைங்க நேரத்துக்கு வந்துரும்"னாங்க. அந்த பிரைவேட் ஹால்ல கேட்ட "கல்யாணம் ஆவலல்லா?" எனக்கு அப்ப காதுல கேட்டுது. சும்மா வயித்து வலிக்கு போன பிள்ளையே அந்த கேள்விக்கு பயந்து திரும்ப போவாது, உண்மையிலயே சிக்கல்ல இருக்க பிள்ள எப்படி போவும்?

சரி, கொறைகள். பாத்ரூம். எளவு, பாத்ரூம்ல வெள்ளம் இல்ல. மாசவிலக்கு பிரச்சனைக்கு வர்ற பிள்ளைங்களுக்கான எடத்துல பேடு மாத்த ஒரு பக்கெட் வெள்ளம் கூட இல்லன்னா என்னன்னு சொல்ல? பழைய பேட போட ஒரு மூடி போட்ட டப்பாவும் இல்ல. ஓபி சீட்டு எழுதுறவரு "என்ன சூக்கேடு?"ன்னு ஜன்னல் வழியா சத்தமா தான் கேப்பாரு, காய்ச்சல்னு சொல்லிட்டு உள்ள போயிருங்க, சிஸ்டருக்கு புரியும். அந்த ரூமுக்கு அட்டப்பெட்டி எடுக்க ஆளு வந்து கதவ தட்டிட்டே இருப்பாங்களாம், பிள்ள பேச்ச ரெண்டு தடவ நிறுத்துனதா சொன்னா. எங்க சப்சென்டர்ல நாப்கினும் சில மாசம் வரவே இல்ல. பையன்களுக்கும் அந்த ரூம் உண்டுன்னு சொல்றாங்க, நான் போன நாலு தடவையும் ஒரு பயலயும் அங்க பாக்கல. அப்பறம் அந்த சிஸ்டர் டியூட்டி எப்பன்னு கேட்டுட்டு போங்க, ஆள் மாறுனா எப்படின்னு எனக்கு உத்தரவாதம் இல்ல. அஞ்சுக்கு நாலு குடுக்கேன், அந்த ஒண்ணு பக்கெட்டுல வெள்ளம் வந்தா தருவேன்.

ஒரு மாசம் கழிச்சு எச்பி 9.9. அன்னைக்கு அக்கா வீடியோ கால்ல வந்தா, சிஸ்டர்கிட்ட குடு, நான் பேசுதேன்னு ஒரே நிப்பு. குடுத்தேன். அக்கா இங்கிலீஷ்ல ஆரம்பிச்சா, சிஸ்டர் தமிழ்லயே பதில் சொன்னாங்க, எல்லாத்துக்கும், அளவு உட்பட. கடைசில சிஸ்டர் கேட்டாங்க, "நீங்க லீவுல எப்ப மேடம் வருவீங்க? பிள்ள ஒருக்கா கேட்டா." அக்கா அதுக்கு பொறவு ஏஎன்எம் ஜிஎன்எம்னு ஒண்ணும் பேசல. பிள்ள அந்த ரூம்ல இன்னும் என்னெல்லாம் பேசுனான்னு நானும் கேட்டேன், "அது எனக்கும் சிஸ்டருக்கும் உள்ளது, கேக்காத சித்தி"ன்னுட்டா. மொதல்ல கஷ்டமா தான் இருந்துது.

மூணாம் மாசம் 11.7. இன்னும் கொஞ்சம் பாக்கி.

போன வாரம் பிள்ள எங்கிட்ட சொல்லாம அங்க போயிட்டு வந்திருக்கா, கூட படிக்கிற ஒரு பிள்ளய கூட்டிட்டு. பஸ் டிக்கெட் யூனிஃபார்ம் பாக்கெட்ல கெடந்துது. யாரு, அவளுக்கு என்னட்டி சூக்கேடுன்னு கேட்டேன். "அது அவ காரியம் சித்தி"ன்னுட்டு பாட்டிக்க கட்டன்சாயாவ எடுத்து குடிக்க போனா. மாத்திரை போட்டு ஒரு மணிக்கூர் ஆச்சான்னு மட்டும் கேட்டேன். கிளாச கீழ வச்சுட்டா.